துணைக் கட்டளைகளின் ஹெல்ப்பில் சிக்கல், உதவி வேண்டும்

வணக்கம். புறக்கோட்டை மொத்தக் கடை ஒன்றுக்குச் சரக்குக் கணக்குப் பார்க்கும் கட்டளைவரிக் கருவியை பைத்தனில், ஆர்க்பார்ஸ் (கட்டளைவரியில் அடிப்பதைப் பிரித்துப் படிக்கும் பைத்தன் நூலகம்) வைத்து எழுதுகிறேன். கருவியின் மொத்த ஹெல்ப்பில் (உதவித் திரையில்) 'சேர்' போன்ற ஒவ்வொரு துணைக் கட்டளைக்கும் ஒரு வரி விளக்கம் வருகிறது, அது சரி. ஆனால் 'சரக்கு சேர் --ஹெல்ப்' என்று அடித்தால் ஓப்ஷன்கள் மட்டுந்தான். அந்தக் கட்டளை எதற்கு என்றே இல்லை. அங்கே காட்ட டிஸ்கிரிப்ஷன் என்ற விளக்க வரியைத் தனியாகக் கொடுக்க வேண்டுமாம். ஒரே வரியை இரண்டு இடத்தில் எழுதாமல் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அப்புறம், பொதுவான '--கோப்பு' ஓப்ஷன். பேரன்ட்ஸ் (ஒரே ஓப்ஷனைப் பல கட்டளைகளுக்கும் பகிரும் வசதி) வழியாகக் கொடுத்தால் துணைக் கட்டளையின் ஹெல்ப்பிலும் தெரிகிறது. ஆனால் துணைக் கட்டளைக்கு முன்னால் கொடுத்த கோப்பின் பெயரை, துணைக் கட்டளையின் டிஃபோல்ட் மதிப்பு (எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு) அழித்துவிடுகிறது. இதுதான் பெரிய தலையிடி. கடைப் பிள்ளைகளுக்கு அந்த ஹெல்ப் திரையை விட்டால் வேறு வழிகாட்டி இல்லை. மாதிரிக் கோட் இருந்தால் தாருங்கள்.