தண்ணீரில் நின்றும் வாடிய தக்காளி

மாடித்தோட்டம்: போன கார்த்திகை மழையில் நடந்தது. காய் பிடித்து நின்ற தக்காளி, மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு வெயில் எட்டிப் பார்த்த அன்றே இலையெல்லாம் தொங்கிவிட்டது. வாடுகிறதே என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றினேன். மறுநாள் தண்டும் சாய்ந்தது. செடி வைத்த பையைக் கவிழ்த்தால் குப்பென்று சாக்கடை வாடை. அடியில் போட்ட துளைகளைத் தேங்காய் நார்க்கழிவு அடைத்திருக்கிறது. சேற்றில் நிற்கிற செடிக்குத் தாகமா?

வேர்ப்பித்தன்: தாகமேதான். வேர்ச் செல்லின் சவ்வில் அக்வாபோரின் என்ற புரதங்கள் இருக்கின்றன, தண்ணீருக்கென்றே வைத்த வாசல். ஒரு வாசல் வழியே நொடிக்கு நூறு கோடி மூலக்கூறுக்கு மேல் போகும். 1992இல் அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரே இதைக் கண்டது செடியில் இல்லை, இரத்தச் சிவப்பணுவில். 2003இல் நோபல் வந்தது. தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது, செல்லுக்குள் அமிலம் ஏறும். அந்தப் புரதத்தில் ஹிஸ்டிடின் என்ற ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. செல்லில் அமிலம் ஏறுவதை அது உணர்ந்ததும் வாசல் மூடிக்கொள்ளும். நீங்கள் ஊற்றிய சொம்பு மூடின கதவில்தான் மோதியது.

எம்.எஸ்சி. படிக்கும்போது இதைக் கண்ணால் பார்த்தேன். தக்காளித் தண்டை வேருக்கு மேல் வெட்டிவிட்டால் வெட்டுவாயில் சாறு துளித்துளியாக ஊறும். வேர் நிற்கிற நீரில், இந்த வாசலை அடைக்கிற பாதரச உப்பான மெர்குரிக் குளோரைடு துளி சேர்த்தோம், ஊறுவது மந்தமாகிவிட்டது. அப்புறம் பாதரசத்தைப் பிடித்து விலக்குகிற மெர்காப்டோஎத்தனால் விட்டதும் மறுபடி ஊறியது. அந்த அழுகின முட்டை நாற்றம் சட்டையை விட்டுப் போக இரண்டு சலவை ஆனது!

கரிசல்காட்டான்: எங்கள் நிலக்கடலையில் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. ஊரே யூரியா போடச் சொன்னது. போட்டேன், காசுதான் போனது. பிறகு இரும்பு சல்பேட்டை இலையில் தெளித்ததும் பச்சை திரும்பியது. மண்ணில் இரும்பு இல்லாமலா இருக்கும்?

வேர்ப்பித்தன்: நிறைய இருக்கும். சுண்ணாம்பு மண்ணில் அது கரையாமல் கிடக்கிறது. கடலை வேர் அதை ஃபெரஸ் என்ற, கரையக்கூடிய இரும்பு வடிவத்துக்கு மாற்றினால்தான் இரும்பு கடத்தும் புரதம் உள்ளே எடுக்கும். காரம் மிகுந்த மண்ணில் அந்த மாற்றமே தடுமாறும். நீங்கள் இலையில் தெளித்ததால் வேரை நம்பாமல் நேராக இலைக்கே இரும்பைக் கொடுத்துவிட்டீர்கள்.

மாடித்தோட்டம்: சரி, மிளகாய்ப் பைகளை இன்றைக்கே செங்கல் மேல் தூக்கி வைத்து, கம்பியால் துளைகளைக் குத்திவிட்டேன். ஒரு பையிலிருந்து அரை வாளித் தண்ணீர் வந்தது.