நெறிக்கட்டி ஊசிப் பரிசோதனையில் 'நெக்ரோசிஸ் மட்டும்': டிபி இல்லை என்று விட்டுவிடலாமா?

கேள்வி:
கழுத்தின் பக்கவாட்டில் 3 செ.மீ. நெறிக்கட்டி. வலி இல்லை, நடுவில் மெத்தென்று இருக்கிறது. எஃப்என்ஏசி (மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்: நெக்ரோசிஸ் (செத்த திசு) மட்டும், கிரானுலோமா (அழற்சி செல்கள் திரண்ட சிறு முடிச்சு) இல்லை, ஏஎஃப்பி (டிபி வகைக் கிருமி) நெகட்டிவ். மறுபடி எடுப்பதானால் எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
விட்டுவிடக் கூடாது. ஸ்மியரில் (சிலைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கையில்) கிருமி கண்ணில் பட மில்லிக்கு 5,000 முதல் 10,000 வரை வேண்டும். நெறிக்கட்டியில் பெரும்பாலும் அவ்வளவு இருப்பதில்லை.

கிரானுலோமா வராததற்கு ஊசி நின்ற இடம் காரணமாக இருக்கலாம். நடுவில் இருப்பது கரைந்துபோன திசு. கிரானுலோமாவில் இருக்கும் எபிதீலியாய்டு செல்களும் லாங்ஹான்ஸ் செல்களும் ஓரத்தில்தான் கிடைக்கும். 23 கேஜ் ஊசி, 10 மி.லி. சிரிஞ்ச் போதும். சீழ் கெட்டியாக இருந்தால் மட்டும் 21 கேஜ். முதலில் நடுவிலிருந்து சீழை எடுத்துத் தனியே வையுங்கள். பிறகு புது ஊசியால் சுவரோரமாக இரண்டு மூன்று திசைகளில் எடுங்கள். ஊசியை உருவும் முன் பிஸ்டன் இழுப்பை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் ஊசிக்குள் இருக்கும் கொஞ்சமும் சிரிஞ்சுக்குள் சிதறிவிடும்.

தோல் சிவந்து மெலிந்த இடத்தில் குத்தாதீர்கள். பக்கத்து நல்ல தோல் வழியாக, மேலிருந்து சாய்வாகப் போங்கள். இல்லையென்றால் துளை ஆறாமல் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். கத்தியால் கீறிவிடுவது அதைவிட மோசம்.

பதில் 2:
லேப் பக்கத்திலிருந்து: ஒரு சிலைடு காற்றில் உலர்த்தி ஜீம்சா சாயத்துக்கு, ஒன்று உடனே 95% ஆல்கஹாலில், ஒன்று டிபி கிருமியைக் காட்டும் இசட்என் சாயத்துக்கு. மிச்சம் முழுவதும் ஸ்டெரைல் சலைனில். ஊசியையும் அதிலேயே அலசுங்கள். ஃபார்மலினில் போட்டால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) அதோடு போச்சு. மரப்பு மருந்தும் கிருமி வளர்ச்சியைத் தடுக்கும், சாம்பிளில் கலக்க விடாதீர்கள்.

டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் எக்ஸ்பெர்ட் அல்ட்ரா பரிசோதனை மில்லிக்கு சுமார் 16 கிருமி இருந்தாலே பிடிக்கும். 'டிரேஸ்' (மிகக் குறைந்த அளவு) என்று வந்தால் நெறிக்கட்டி சாம்பிளில் பாசிட்டிவாகவே கொள்ளலாம்; ஆனால் ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்துக்கு எதிர்ப்பு உண்டா என்பது அதில் தெரியாது. அதற்காகவே கல்ச்சரும் வேண்டும். திரவ ஊடகத்தில் 42 நாள் காத்திருந்த பிறகே நெகட்டிவ் என்பார்கள்.

கேட்டவர்:
நன்றி. எக்ஸ்பெர்ட் நெகட்டிவ், கிரானுலோமா மட்டும் இருக்கிறது என்றால்?

பதில் 1:
அது மட்டும் வைத்து டிபி என்று முத்திரை குத்த முடியாது. சார்காய்டோசிஸ் (ஓர் அழற்சி நோய்), பூனைக்கீறல் நோய், ஏன், ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில்கூட கிரானுலோமா வரும். கட்டியை முழுதாக எடுத்து பயாப்சி செய்யுங்கள்: பாதி திசு ஆய்வுக்கு ஃபார்மலினில், பாதி கல்ச்சருக்கு சலைனில். எச்ஐவி உள்ளவர்களில் நிலைமை தலைகீழாகலாம். கிரானுலோமா உருவாகாமலே கிருமி ஏராளமாக இருக்கும்.

இடையில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம். லிம்போமாவாக இருந்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்சியும் குழப்பமாகிவிடும்.