டாக்கர் சாக்கெட்டை மவுன்ட் செய்வது பாதுகாப்பா? (பைப்லைன் ஜாப்களை ஓட்டும் கிட்லேப் ரன்னர் பற்றிய இழையிலிருந்து பிரித்தது)

கொக்கி: ரன்னர் அமைக்கும் இழையில் ரன்னர்ராஜா எழுதியது: "பைப்லைனில் இமேஜ் பில்ட் பண்ண டாக்கர் சாக்கெட்டை ஜாப் கன்டெய்னருக்குள் மவுன்ட் பண்ணுங்க. ப்ரிவிலெஜ்டு மோடு (கன்டெய்னருக்கு ஹோஸ்ட் மீது ஏறக்குறைய முழு அதிகாரம்) தேவையில்லை, அதனால் பாதுகாப்பு." புதுசா வர்றவங்க இதை அப்படியே காப்பி அடிப்பாங்க. அந்த சாக்கெட், ஹோஸ்டில் (ரன்னர் இருக்கும் மெஷினில்) ஓடும் டாக்கர் டீமனுக்குக் கட்டளை அனுப்பும் வாசல்; அது கிடைத்தால் ஜாபுக்குள்ளிருந்தே ஹோஸ்டின் ரூட் டைரக்டரியை மவுன்ட் செய்து இன்னொரு கன்டெய்னரை ஓட்டலாம். அப்புறம் ஒரு சிஎச்ரூட் (அந்த டைரக்டரியையே ரூட்டாக்கும் கமாண்ட்), ஹோஸ்ட் மொத்தமும் கையில்.

ரன்னர்ராஜா: முழுசா படிச்சுட்டு வாங்க. ரீட்-ஒன்லியா மவுன்ட் பண்ணச் சொல்லியிருக்கேன். மாற்று வழியான டாக்கருக்குள் டாக்கர் (ஜாபுக்கென்று தனி டீமன்) ஓட்டினால் ஒவ்வொரு ஜாபும் காலி கேஷோட தொடங்கும், பேஸ் இமேஜ் முதல் எல்லா லேயரையும் திரும்ப இழுக்கணும். சாக்கெட்டில் அந்தத் தொல்லையே இல்லை.

கொக்கி: ரீட்-ஒன்லி, சாக்கெட் ஃபைலை அழிக்கவிடாது, அவ்வளவுதான். அது வழியா டீமனுக்குப் போற ஏபிஐ கோரிக்கை ஒன்றையும் தடுக்காது. கேஷ் வேணும்னா ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ் சேமிக்கும் சர்வரில்) வைங்க: டாக்கர்-கன்டெய்னர் டிரைவரில் ஒரு பில்டர், கேஷை ஏற்ற கேஷ்-டூ, இறக்க கேஷ்-ஃப்ரம், எல்லா ஸ்டேஜும் ஏற மோட் மேக்ஸ். மோட் மின் விட்டால் கடைசி ஸ்டேஜின் லேயர் மட்டும்தான் ஏறும், மல்டி-ஸ்டேஜில் கம்பைல் முழுக்க மறுபடி ஓடும்.

பொறி_மீனா: டாக்கருக்குள் டாக்கருக்கு ப்ரிவிலெஜ்டு வேணுமே? அதிலிருந்தும் ஹோஸ்ட் டிஸ்கை மவுன்ட் பண்ணலாம். ரெண்டு பேரும் விடுங்க, டாக்கர் டீமன் இல்லாமலே இமேஜ் பில்ட் பண்ணும் கனிகோ போதும்.

கொக்கி: ப்ரிவிலெஜ்டு நல்லதுன்னு நான் எங்கேயும் சொல்லலை. பேச்சு சாக்கெட்டைப் பற்றி. கனிகோ ரெப்போவை கூகுள் 2025 ஜூனில் ஆர்க்கைவ் பண்ணிட்டாங்க. ரூட் அதிகாரம் இல்லாமல் ஓடும் ரூட்லெஸ் பில்டா பாருங்க. லேயர்களை நகலெடுக்காமல் அடுக்கும் ஃப்யூஸ்-ஓவர்லே கிடைக்காமல் விஎஃப்எஸ் ஸ்டோரேஜ் டிரைவரில் விழுந்தால் ஒவ்வொரு லேயரும் முழு நகல், டிஸ்க் நிரம்பும்.

சாக்கெட்டில் இன்னொரு கேடு. ஜாபுக்குள்ளிருந்து நடப்பு டைரக்டரியை வால்யூமா கொடுத்தால் டீமன் அந்தப் பாதையை ஹோஸ்டில் தேடும். இல்லைனா காலி டைரக்டரி உருவாக்கிடும். டெஸ்ட் எதுவும் கிடைக்கலைன்னா பிழை காட்டாத கருவியா இருந்தால், ஒரு டெஸ்டும் ஓடாமலே ஜாப் பச்சையா (வெற்றின்னு) முடியும்!

ரன்னர்ராஜா: அல்பைன் (சின்ன லினக்ஸ் பேஸ் இமேஜ்) இழையிலும் இவர் இப்படித்தான் எல்லாருக்கும் பாடம் எடுத்தார்.

வால்பாறை: அல்பைன் பற்றி அவர் சொன்னது சரிதானே? அங்கே இருக்கும் சி லைப்ரரி மஸ்ல், பெரும்பாலான லினக்ஸில் வரும் ஜிலிப்சி இல்லை. ஜிலிப்சிக்காக முன்பே கம்பைல் பண்ணின பைத்தான் பேக்கேஜ், அதாவது மேனிலினக்ஸ் வீல், ஏறாது. மஸ்ல்லினக்ஸ் வீல் இல்லாத பேக்கேஜ் சோர்ஸிலிருந்து கம்பைல் ஆகும், ஜிசிசி கம்பைலர் இல்லைனா அங்கேயே நிற்கும்.

பொறி_மீனா: 3.18க்கு முந்தைய அல்பைனில் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) பதில் பெருசானால், அதை முழுசா வாங்க டிசிபிக்கு மாறவும் தெரியாது. ஆனா அதை இங்கே ஏன் இழுக்கணும்? கேட்டது கனிகோ. ஆர்க்கைவ் ஆனாலும் பழைய இமேஜ் ஓடத்தான் செய்யுது.

கொக்கி: பாதுகாப்பு பேட்ச் வராத கருவியை பைப்லைனில் வைக்கச் சொல்றீங்களா? சாக்கெட்டுக்கு வருவோம்.

ரன்னர்ராஜா: உள் ரெப்போ மட்டும் ஓடும் ரன்னரில் எதிரி யாரு? சாக்கெட் போதும்.

கொக்கி: என்பிஎம் இன்ஸ்டாலில் வெளி பேக்கேஜ் இறங்கியதும் தானா ஓடும் போஸ்ட்இன்ஸ்டால் ஸ்கிரிப்டை எழுதினது உங்க உள் ஆளா? அதுவும் அதே ஜாபுக்குள், அதே சாக்கெட் பக்கத்தில்தான் ஓடுது.

ரன்னர்ராஜா: அந்த ஸ்கிரிப்டை ஓடவிடாத இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ் ஃபிளாக் கொடுத்தா தீர்ந்தது.

கொக்கி: டெஸ்ட் ஓடும்போது அதே பேக்கேஜின் கோடு ஓடுமே, அதை எந்த ஃபிளாக் தடுக்கும்? பதிவைத் திருத்துங்க.

ரன்னர்ராஜா: திருத்த மாட்டேன். மாடரேட்டர் சொல்லட்டும்.