சர்ச்சில் வீட்டுக் குளமும் நம் வீட்டுப் போகியும்

குழு: மேலவீதி வீட்டார்
ஞாயிற்றுக்கிழமை

[இரவு 9:38] கௌசி: எலிசபெத் ராணியைப் பற்றிய தி கிரவுன் தொடர், முதல் சீசன் ஒன்பதாவது எபிசோடு யார் யார் பார்த்தாயிற்று? அந்தக் குளத்தைப் பற்றி இப்போதே பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

[9:39] சாந்தி அத்தை: நேற்றே பார்த்துவிட்டேன் கண்ணு. கடைசியில் அழுதுவிட்டேன். உன் மாமா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

[9:40] பாலு சித்தப்பா: நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். நீங்கள் பேசுங்கள்.

[9:41] தீபா: பொய். தண்ணீர் குடிக்க வந்தவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றார். இப்போதும் ஹாலில் உட்கார்ந்துகொண்டுதான் இந்த மெசேஜைப் போடுகிறார்.

[9:46] கௌசி: பார்க்காதவர்களுக்காகக் கதை. 1954. சர்ச்சில் இங்கிலாந்துப் பிரதமர், 80 வயது ஆகப்போகிறது. பாராளுமன்றத்தின் இரண்டு அவைகளும் சேர்ந்து அவருக்குப் பரிசாக ஓர் ஓவியம் வரையச் சொல்கிறார்கள். வரைகிறவர் கிரகாம் சதர்லாண்டு. அவர் சர்ச்சிலின் சார்ட்வெல் வீட்டுக்கு வந்து இவரை உட்கார வைத்து ஸ்கெட்ச் போடுகிறார். சர்ச்சிலும் ஓவியம் வரைகிறவர்தான், தோட்டத்துக் குளத்தையே திரும்பத் திரும்ப வரைகிறார், ஒவ்வொரு தடவையும் சரியாக வரவில்லை என்று எரிச்சல் படுகிறார். சதர்லாண்டு அந்தக் குளப் படங்களைப் பார்த்துவிட்டு, இதற்குள் ஏதோ துக்கம் இருக்கிறது என்கிற மாதிரி சொன்னதும் இவர் முகம் மாறுகிறது. சர்ச்சிலுக்கு மேரிகோல்டு என்று ஒரு பெண் குழந்தை, மூன்று வயது நிறைவதற்குள் போய்விட்டாள். அவள் போன மறு வருடம்தான் அந்தக் குளத்தை வெட்டினாராம். அதுவரைக்கும் அவருக்கே அது தெரியாத மாதிரி நடிகர் ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், நான் அங்கேயே நிறுத்தி இரண்டு தடவை பார்த்தேன்.

[9:47] சாந்தி அத்தை: அந்த ஓவியரும் ஒரு கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர். இரண்டு மாதக் குழந்தை. அதனால்தான் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

[9:49] கௌசி: இப்போது என் கண்டுபிடிப்பைச் சொல்கிறேன், யாரும் சிரிக்கக் கூடாது. குழந்தையின் பெயர் மேரிகோல்டு. குளத்தில் இருப்பது கோல்டுஃபிஷ். பொன் இரண்டிலும் இருக்கிறது. மேலே அசையாத தண்ணீர், அடியில் பொன். அவர் மீனை வரையப் பார்க்கவில்லை, அவளைத்தான் வரையப் பார்க்கிறார். அதனால்தான் படம் வரவே மாட்டேன் என்கிறது.

[9:50] கார்த்தி: 😂

[9:50] கௌசி: சிரிக்கக் கூடாது என்றேன்.

[9:52] சாந்தி அத்தை: மேரிகோல்டு என்றால் நம் செண்டுமல்லிதானே? செண்டுமல்லி என்று ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்தால் எவ்வளவு அழகாக இருக்கும்.

[9:58] கார்த்தி: அக்கா, நீங்கள் சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குளம் வரைந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தண்ணீர் வரைவது நிஜமாகவே கஷ்டம். மேல்பரப்பில் வானம் தெரிகிறது, அதற்குள் செடியின் நிழல், அதற்கும் கீழே மீன். மூன்றையும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். வானத்தைத் தெளிவாகப் போட்டால் மீன் மறைந்துவிடும், மீனைத் தெளிவாகப் போட்டால் தண்ணீரே இல்லாத மாதிரி ஆகிவிடும். முதல் வருடம் எங்கள் கல்லூரியில் கோயில் குளம் வரையச் சொன்னார்கள், என் படத்தைப் பார்த்துவிட்டு மாஸ்டர் இது குளமா கோலமா என்று கேட்டார். ஆக, அவர் எரிச்சல் படுவதற்குத் துக்கம் ஒன்றுதான் காரணம் என்றில்லை.

[10:07] மணி பெரியப்பா: வாத்தியார் வந்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் படித்தேன். கௌசல்யா, நீ நாடகத்தைச் சொல்கிறாய், நான் சரித்திரத்தைச் சொல்கிறேன், இரண்டும் இருக்கட்டும். குழந்தை இறந்தது 1921 ஆகஸ்டு, தொண்டையில் தொற்று, அது ரத்தத்தில் கலந்துவிட்டது. பெற்றோர் இருவரும் ஊரில் இல்லை, குழந்தைகள் கடற்கரை ஊர் ஒன்றில் தாதியின் பொறுப்பில் இருந்தார்கள், ஆபத்து என்று தெரிந்த பிறகுதான் ஓடி வந்தார்கள். சார்ட்வெல் வீட்டை வாங்கியது 1922, குடிபோனது 1924. ஆகவே குழந்தையையும் குளத்தையும் ஒரே கயிற்றில் கட்டியது கதை எழுதிய பீட்டர் மார்கனின் கைவண்ணம். அவர் குளத்தை வரைந்தது நிஜம். 1932-இல் வரைந்த மீன் குளம் ஒன்று 2014-இல் ஏலத்தில் ஏறக்குறைய 18 லட்சம் பவுண்டுக்குப் போனது. ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போது அவர் மனதில் யார் இருந்தார்கள் என்பதற்கு ஆவணம் கிடையாது.

[10:08] கௌசி: ஆவணம் இருந்தால் அப்புறம் நாங்கள் எதற்கு மாமா இவ்வளவு நேரம் பேசுகிறோம்?

[10:08] கௌசி: *பெரியப்பா. அத்தையைப் பற்றி நினைத்துக்கொண்டே தட்டிவிட்டேன்.

[10:15] பாலு சித்தப்பா: எனக்கு ஒரே ஒரு கேள்வி. 1943-இல் வங்காளத்தில் பஞ்சம். ஏறக்குறைய 30 லட்சம் பேர் செத்தார்கள். அப்போது இங்கிலாந்தில் பிரதமர் யார்? தானியக் கப்பல் கேட்டுக் கேட்டு டெல்லியிலிருந்து தந்தி போனபோது கையை விரித்தது யாருடைய அமைச்சரவை? காந்தியை அரை நிர்வாணப் பக்கிரி என்றது யார்? அவர் ஒரு குளக்கரையில் உட்கார்ந்து கண் கலங்கினால் நானும் கூடவே கலங்க வேண்டுமா?

[10:17] சாந்தி அத்தை: பாலு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன் யாராக இருந்தாலும் பிள்ளையைப் பறிகொடுத்தவன்தான்டா.

[10:18] பாலு சித்தப்பா: வங்காளத்தில் செத்ததிலும் பிள்ளைகள் உண்டு அக்கா. அவர்களுக்கு யாரும் குளம் வெட்டவில்லை.

[10:24] தீபா: எல்லோரும் ஏன் அமைதியாகிவிட்டீர்கள்? அப்பா ஹாலில் மின்விசிறியைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

[10:29] கௌசி: சித்தப்பா சொல்வது எனக்குப் புரிகிறது. எபிசோடில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது, அது எனக்கும் உறுத்தியது. ஆனால் அந்த ஓவியம் அவருக்குச் செய்வதும் அதுதான் என்று தோன்றுகிறது. அவரைப் பெரிய வீரர் என்று காட்டாமல், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவராக மட்டும் காட்டுகிறது. அவர் கேட்டது கார்டர் என்ற உயர்ந்த அரச பட்டத்துக்குரிய பட்டு அங்கியோடு ஒரு படம், கிடைத்தது சாதாரணக் கோட்டோடு ஒரு படம். எனக்கு பெங்களூர் வந்த புதிதில் ஆபீஸில் ஒருவர் சொன்னார், 1896-இல் இங்கே ராணுவத்தில் இருந்த சர்ச்சில் பெங்களூர் கிளப்புக்கு 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனாராம், வராக்கடன் என்று பழைய பேரேட்டில் இன்னும் எழுதியிருக்கிறதாம்.

[10:30] பாலு சித்தப்பா: பார்த்தாயா, 13 ரூபாய்க்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

[10:41] மணி பெரியப்பா: இடத்தைக் கவனித்தீர்களா? திரையை விலக்கிப் படத்தைக் காட்டியது வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில், 1954 நவம்பர் 30. முதலாம் சார்லஸ் மன்னனை 1649-இல் விசாரித்து மரண தண்டனை சொன்னது அதே மண்டபம். நம் ஊரைச் சுரண்டியதற்காக வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது ஏழு வருடம் விசாரணை நடந்ததும் அங்கேதான், கடைசியில் விடுதலை ஆனான் என்பது வேறு கதை. எபிசோடின் பெயர் கொலையாளிகள், பன்மை. சதர்லாண்டு மட்டும் என்றால் ஒருமையில் வைத்திருப்பார்கள். ஆக, தீர்ப்பு மண்டபத்தில் நிறுத்தி வைத்து எல்லோரும் சேர்ந்து கொல்கிறார்கள்: ஓவியர், அடுத்த பிரதமர் பதவிக்குக் காத்திருக்கும் ஈடன், எல்லாருக்கும் மேலே வயது. தொலைக்காட்சியில் நேரலை வேறு. அவர் எழுந்து, இது நவீனக் கலைக்கு ஒரு குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு என்று சொன்னதும் மண்டபமே சிரித்தது, அது நிஜமாக நடந்தது. 1965-இல் அவர் உடலை மக்கள் பார்வைக்கு வைத்ததும் அதே மண்டபம்தான்.

[10:43] கார்த்தி: அப்பா, குதிரையை விட்டுவிட்டீர்கள். ராணிக்கும் அந்தக் குதிரைக்கார நண்பருக்கும் நடுவில் வரும் கதை எதற்கு? ஒரு பக்கம் ஒரு கிழவர் தான் என்னவாக ஆகிவிட்டோம் என்று பார்க்கிறார், இன்னொரு பக்கம் ஒரு சின்னப் பெண் தான் என்னவாக ஆகியிருக்கலாம் என்று பார்க்கிறாள்.

[10:44] மணி பெரியப்பா: ஆரியோல் என்ற குதிரை 1954-இல் அஸ்காட் பந்தயத்தில் ஜெயித்தது நிஜம். மற்றது குடும்பக் குழுவில் வேண்டாம்.

[10:50] சாந்தி அத்தை: அவர் மனைவி அந்தப் படத்தைத் தோட்டத்தில் போட்டு எரிக்கிறாளே, நின்று பார்த்துக்கொண்டே. அது நிஜமா அண்ணா?

[10:55] மணி பெரியப்பா: பாதி நிஜம். அவள் நின்று பார்க்கவில்லை. அவளுடைய செயலாளரும் செயலாளரின் சகோதரரும் ராத்திரியோடு ராத்திரியாகப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சகோதரர் வீட்டுப் பின்புறத்தில் எரித்தார்கள், அவளுக்கு அதில் முழுச் சம்மதம். ஊருக்குத் தெரிந்தது அவள் இறந்த பிறகு, 1978-இல். ஆயிரம் கினி, அதாவது அந்தக் காலத்து ஆங்கிலேயப் பணம், கொடுத்து வரையச் சொன்ன படம்.

[10:56] சாந்தி அத்தை: நம் அப்பா சதாபிஷேகம் ஞாபகம் வருகிறது.

[10:57] கௌசி: 😳 அத்தை!! எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை? அந்த டிராயிங் மாஸ்டர் படம்!

[11:03] சாந்தி அத்தை: சின்னவர்களுக்குச் சொல்கிறேன். அப்பாவோடு வேலை பார்த்த டிராயிங் மாஸ்டர் நான்கு நாள் நம் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவை வரைந்தார். அப்பா பல்செட்டைக் கழற்றி வைத்திருந்த நேரமாகப் பார்த்து வரைந்துவிட்டார். வாய் உள்ளே போய், கழுத்து நரம்பெல்லாம் தெரிந்து, அப்படியே அப்பா. சதாபிஷேகத்தன்று மண்டபத்தில் பட்டுத் துணியைப் போட்டு மூடி வைத்து எல்லோர் முன்னாலும் விலக்கினார்கள். நாதஸ்வரக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டார். அப்பா கிட்டப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கை நன்றாக வந்திருக்கிறது" என்றார். அவ்வளவுதான்.

[11:04] கார்த்தி: நவீனக் கலைக்கு ஒரு குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு 😂

[11:05] பாலு சித்தப்பா: அந்தப் படம் ஓட்டு வீட்டை இடித்தபோது லாரியில் ஏற்றுகையில் தொலைந்துபோனது. நான்தான் லாரிக்காரனோடு சண்டை போட்டேன்.

[11:09] தீபா: ஒரு நிமிடம். பாட்டி இன்னும் தூங்கவில்லை. சாயங்காலமே கதை முழுவதும் சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டு வருகிறேன்.

[11:16] தீபா: வாய்ஸ் நோட்டு போடச் சொன்னால் மாட்டேன் என்கிறார், அதனால் சொன்னதை அப்படியே தட்டுகிறேன். முதலில், எரித்த அந்த அம்மாள் பெயர் என்ன என்று கேட்டார். கிளெமென்டைன் என்றேன். வாயில் நுழையவில்லை. "யாரோ, நல்ல பெண்ணாகத் தெரிகிறது" என்றார்.

[11:17] மணி பெரியப்பா: அப்புறம்?

[11:21] தீபா: "தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து அதன் முன்னால் நிற்பார். நான் இப்படியா இருக்கிறேன் என்று கேட்பார். இல்லை என்று சொன்னால் பொய் சொல்கிறாய் என்பார், ஆமாம் என்று சொன்னால் காபி குடிக்க மாட்டார். தை பிறக்கட்டும் என்று இருந்தேன். போகியன்று விடிகாலை நாலு மணிக்குப் பழைய பாய், கிழிந்த முறம், எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்துக் கொளுத்திவிட்டேன். பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டு சுற்றி வந்தன, ஒன்றும் தெரியாது."

[11:22] பாலு சித்தப்பா: அம்மாவா??? லாரிக்காரன் எவ்வளவு சத்தியம் செய்தான் தெரியுமா!

[11:23] கௌசி: மேளம் தட்டியது நான்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

[11:24] சாந்தி அத்தை: அப்பா கேட்கவே இல்லையா, படம் எங்கே என்று?

[11:27] தீபா: கேட்டேன் அத்தை. "கேட்கவில்லை. அன்றைக்கு இரண்டு டம்ளர் காபி குடித்தார்" என்கிறார்.

[11:28] கார்த்தி: எனக்கு மட்டும் அந்த மாஸ்டரை நினைத்துப் பாவமாக இருக்கிறதா? நான்கு நாள் திண்ணையில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். சதர்லாண்டுக்கும் விஷயம் தெரிந்தபோது அக்கிரமம் என்றுதான் சொன்னாராம். கழுத்து நரம்பை அப்படிப் போடக் கை வர வேண்டும். நான் பார்த்திருக்கலாம்.

[11:29] மணி பெரியப்பா: நல்ல கை அவருக்கு.

[11:33] தீபா: இன்னொன்று. பாட்டி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபிறகு சொன்னார், சட்டத்தை எரிக்கவில்லையாம், தேக்கு என்பதால் மனசு வரவில்லையாம். பூஜை அறையில் இருக்கும் பழனி முருகன் அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறாராம்.

[11:34] மணி பெரியப்பா: போன வாரம் வந்தபோது அதன் முன்னால்தான் விழுந்து கும்பிட்டேன்.