இது தாத்தா காலத்துத் தோட்டாவா?

வணக்கம் உறவுகளே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடத்தில் செம்பனை மறுநடவுக்கு மண்ணைப் புரட்டியிருக்கிறார்கள். மழை விட்டதும் போனேன். ஒரு பித்தளைத் தோட்டாக்கூடு கிடைத்தது, வெறும் கூடுதான். அடியில் விளிம்பு, நீளம் 56 மில்லிமீட்டர். பச்சை படிந்த அடிப்பாகத்தில் ‘1943’ தெரிகிறது, பக்கத்து எழுத்துகள் புரியவில்லை.

தாத்தா பன்றி வேட்டைக்கு வைத்திருந்தது ஒற்றைக்குழல் துப்பாக்கி. அதன் தோட்டா இன்னும் தடிமன். அவர் போனதும் அப்பா அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். ஆனால் 1948-இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் மலாயாவில் அவசரகாலம் வந்தபோது தாத்தா தோட்டக் காவலுக்கும் நின்றவர். அப்போது கொடுத்த .303 ரைபிளின் தோட்டாவா இது?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், புளி போட்டுத் தேய்க்கலாமா? எழுத்து அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்தக் காலக் காவலர் படம் யார் வீட்டிலாவது இருந்தால் காட்டுங்கள். தாத்தாவின் இளவயது முகத்தை நான் பார்த்ததே இல்லை.