புதுப்பிப்பு: பழைய பிக்கப்பின் அதிர்வுக்குக் காரணம் கிடைத்துவிட்டது

போன மாதம் எழுதியிருந்தேன்: 2009 மாடல் டீசல் பிக்கப், 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சீட்டும் தரையும் அதிர்கின்றன, இரண்டு முறை வீல் பேலன்சிங் செய்தும் குறையவில்லை என்று. இப்போது சரியாகிவிட்டது.

ஓடும்போது நியூட்ரலில் போட்டுப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. ஆளில்லாத ரோட்டில் 70-இல் போட்டேன். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியும் அதிர்வு அப்படியே இருந்தது. அப்படியென்றால் கோளாறு இன்ஜினில் இல்லை. ஸ்டியரிங்கும் ஆடவில்லை, அதனால் முன் சக்கரங்கள் மேல் சந்தேகம் போய்விட்டது.

அப்புறம் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு அடியில் படுத்துப் பார்த்தோம். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் தூக்கினால், அதை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கில் நன்றாகவே ஆடியது; அதன் ரப்பர் பாதி கிழிந்திருந்தது. ஷாஃப்ட்டின் பின் ஜாயின்ட்டில் இருக்கும் கூட்டல்குறி வடிவ கிராஸைக் கழற்றியபோது, அதன் முனைகளை மூடும் கப்புக்குள் கிரீஸே இல்லை, செங்கல் தூள் மாதிரி துரு கொட்டியது. இரண்டையும் மாற்றினோம்.

கழற்றும் முன் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, அதே நேர்கோட்டில் மாட்டுங்கள். ஷாஃப்ட்டின் துண்டுகள் பொருந்தும் பற்களில் ஒரு பல் மாறினாலும் புது கிராஸ் போட்டும் அதிர்வு வரும். இதை மெக்கானிக்கிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

நேற்று 80 வரை ஓட்டினேன். டேஷ்போர்டில் இருந்த பாட்டில் தண்ணீர்கூட அலையவில்லை. பிரேக் அழுத்தும்போது மட்டும் ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம் இருக்கிறது. அடுத்த வாரம் முன் டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்கிறோம்.