தானே சுடும் ஆயுதத்துக்கு ஒரு தடைச்சட்டம்: பலன் உண்டா?

பழைய_லிகிதர்:
வெள்ளவத்தைக் கடற்கரையில் நேற்று நடக்கும்போது எங்களுக்குள் கிளம்பிய வாக்குவாதம் இது. ஆளில்லாமல் தானே இலக்கைத் தேர்ந்து சுடும் ஆயுதங்களுக்கு 2026க்குள் ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று ஐ.நா. செயலாளர் நாயகமும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் தலைவரும் 2023 ஒக்டோபரில் சேர்ந்து கேட்டார்கள். வீண் வேலை என்பது என் கட்சி. கொத்துக்குண்டுத் தடையை 2008இல் டப்ளினில் எழுதினார்கள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா எதுவும் சேரவில்லை. சேர்ந்திருந்த லித்துவேனியாவும் 2025 மார்ச்சில் கழன்றுவிட்டது. விலக ஆறு மாத அறிவித்தல் போதுமாம்! வாடகை வீட்டை விடுவது போல.

புதுக்கடை_மாணவி:
ஐயா, கண்ணைக் குருடாக்கும் லேசரை மறந்துவிட்டீர்கள். போர்க்களத்துக்கு வருமுன்னரே 1995இல் தடுத்தார்கள். நீங்கள் சொன்ன மூன்று நாடுகளும் அதில் இருக்கின்றன.

பழைய_லிகிதர்:
லேசரால் அவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை, விட்டுவிட்டார்கள். ட்ரோன் அப்படியா? உக்ரைனில் அலைவரிசையைக் குழப்பி ட்ரோன்களை விழுத்துகிறார்கள். அதனால்தான் கடைசித் தூரத்தைத் தானே பார்த்துப் பறக்கிற ட்ரோனுக்கு இரண்டு பக்கமும் ஓடுகிறது. தேவை இருக்கிற ஆயுதத்தை யாரும் கைவிட மாட்டார்கள், தங்கச்சி.

பளைப்_பக்கம்:
இப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தாலும் ஊர் வடக்கே பளை, மிதிவெடி விதைத்த மண், அதனால் ஒரு சொல். தானே முடிவெடுக்கும் ஆயுதம் புதிது என்று இங்கே பேசுகிறீர்கள். மிதிவெடி வேறென்ன? பாரம் பட்டால் வெடிக்கும். கால் ஆமிக்காரனுடையதா, பெடியனுடையதா, மாட்டினுடையதா என்று அதற்குத் தெரியாது. வைத்தவன் செத்துப்போனாலும் அது வேலையில் இருக்கும். யுத்தம் முடிந்தது 2009இல். அதற்குப் பிறகும் முகமாலையில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் வருஷக்கணக்காக ஆட்கள் முழங்காலில் இருந்து மிதிவெடி தேடி மண்ணைச் சுரண்டினார்கள். பெண்களும்தான். எங்கள் தென்னங்காணிக்குள் பல வருஷம் கால் வைக்கவில்லை. இலங்கை மிதிவெடித் தடையில் சேர்ந்தது 2017 டிசம்பரில், கொத்துக்குண்டுத் தடையில் 2018 மார்ச்சில். பிந்தித்தான், மறுக்கவில்லை. ஆனால் சேர்ந்த பிறகு அகற்றி முடிக்க ஒரு தவணை வந்தது. தவணை இருந்தால் கேள்வி கேட்கலாம்.

பழைய_லிகிதர்:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், யுத்தம் முடிந்து, தேவை போன பிறகுதானே சேர்ந்தோம்?

புதுக்கடை_மாணவி:
அது உண்மைதான், மனத்தைச் சுடுகிறது. இன்னொன்றும் சேர்க்கிறேன்: கண்மூடித்தனமான தாக்குதலைத் தெளிவாகத் தடுக்கும், ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 முதலாம் மேலதிக நெறிமுறையில் இலங்கை இன்றுவரை இல்லை. பொதுமக்களையும் போராளிகளையும் பிரித்தறிய வேண்டும் என்ற விதி வழக்காற்றுச் சட்டமாக, அதாவது நாடுகளின் நடைமுறையால் உருவான சட்டமாக, கையெழுத்திடாதவர்களையும் கட்டும், சரி. ஆனால் யாரைக் கூண்டில் ஏற்றுவது? குற்ற எண்ணமில்லாமல் குற்றமில்லை என்றுதான் சட்டப் படிப்பில் எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். இயந்திரத்துக்கு எண்ணமில்லை, தளபதியோ எனக்குத் தெரியாது என்பார். சுடுமுன் ஒரு மனிதன் தீர்மானிக்க வேண்டும் என்று எழுதிவைத்தால் அந்தக் கதவு அடைபடும்.

பழைய_லிகிதர்:
எங்கே எழுதுவது? ஜெனீவாவில் நடக்கும் ஐ.நா. ஆயுதப் பேச்சுவார்த்தையில் ஒருமித்த முடிவு வேண்டும், ஒரு நாடு தலையாட்டாவிட்டால் எல்லாம் நிற்கும். வெளியே போனால் பெரியவர்கள் வரமாட்டார்கள்.

புதுக்கடை_மாணவி:
வெளியேதான். மிதிவெடித் தடையும் கொத்துக்குண்டுத் தடையும் அப்படி வெளியே போய் எழுதியவைதான். 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இந்த ஆயுதங்கள் பற்றிய தீர்மானத்துக்கு 152 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு நான்கு. அந்த நான்கில் எங்கள் பக்கத்து வீட்டு இந்தியாவும் ஒன்று.

பழைய_லிகிதர்:
அப்போ முதலில் பக்கத்து வீட்டுக்குப் போய்வாருங்கள் தங்கச்சி, பிறகு பேசுவோம்.